ஈசானிய மூலையில் பரங்கி மருமகன்கள்

சென்னைக்கு அருகே பரங்கிமலை உண்டு; கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை உண்டு; நம் சமையற்கட்டில் பரங்கிக்காய் உண்டு. கடல் கடந்து வந்த மேனாட்டாரைப் ‘பரங்கியர்’ என்று நம் முன்னோர் அழைத்தமைக்கு இவை இன்றும் சான்று கூறுகின்றன. இதே சொல் தாய்லாந்து நாட்டிலும் வழங்குகிறது என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அங்கே அதனை ‘ஃபராங்’ என்பர். ‘பிராங்கு’ எனப்பட்ட ஐரோப்பிய இனத்தாரின் பெயர் அரபியர், பாரசீகர் வாயிலாகக் கிழக்கே பரவி, கரைக்குக் கரை உருமாறி நின்றது. நாம் அப்பெயரைப் பூசணி இனத்துக் காய் ஒன்றுக்கு இட்டோம்; தாய்லாந்து மக்களோ கொய்யாப் பழத்துக்கு இட்டனர். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை.

நம்மிடையே அச்சொல் ஊர்ப் பெயரிலும் காய்ப் பெயரிலும் உறைந்துவிட்டது. தாய்லாந்திலோ அது அன்றாடம் ஒலிக்கும் உயிருள்ள சொல். சந்தையில், பேருந்தில், திருமண வீட்டில், மருத்துவமனையில் வெள்ளையர் ஒருவரைக் கண்டால், “ஃபராங் வந்திருக்கிறார்” என்று குழந்தைகள் கூவுவர். அதில் இகழ்ச்சி இல்லை. ஆயினும், “நீ எங்கள் ஊரான் அல்லை” என்னும் குறிப்பு அதில் எப்போதும் ஒட்டியே இருக்கும். இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவரும் ஃபராங்கே. அவ்வாறு வேற்று மண்ணில் குடும்பம் கொண்டு, அங்கேயே முதுமை எய்தி, அங்கேயே கண்மூடும் மேனாட்டாரின் வாழ்வு எத்தகையது? அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை யாவை? இவற்றைச் சிறிது காண்போம்.

வடகிழக்கு நாடு

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு ‘ஈசான்’ என்று பெயர். வீடு கட்டுவோர் வடகிழக்கு மூலையை ‘ஈசானிய மூலை’ என்பரே, அந்த வடசொல்தான் இதுவும். இருபது மாகாணங்களைக் கொண்ட இப்பகுதி, நிலப்பரப்பிலும் மக்கள் தொகையிலும் நாட்டின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். வடக்கிலும் கிழக்கிலும் மேக்கோங் பேராறு எல்லையாய் ஓடுகிறது; அக்கரை லாவோஸ் நாடு. ஈசான் மக்கள் வீட்டில் பேசுவதும் லாவோ மொழியோடு நெருங்கிய பேச்சே. மணற்பாங்கான நிலம், பெரும்பாலும் மழையை நம்பி ஒரு போக நெல். மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. பின்னர் இதமான குளிர். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நாற்பது பாகையைத் தொடும் வெயில். நிலம் போதிய வருவாய் தராமையால், ஈசான் இளைஞரும் பெண்களும் தலைமுறை தலைமுறையாக வேலை தேடித் தலைநகர் பாங்காக்குக்குச் சென்று வருகின்றனர்.

பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உதோன் தானி இப்பகுதியின் முக்கிய நகரங்களுள் ஒன்று. இரவில் இரயிலேறினால் விடியலில் அங்கு இறங்கலாம். சாலை வழியே செல்வோர் ‘மித்ரபாப்’ எனும் நெடுஞ்சாலையில் செல்வர். மித்திர பாவம், அதாவது நட்பு என்று பொருள். 1950-களில் அமெரிக்க உதவியோடு தொடங்கிய சாலையாதலின் இப்பெயர். வியட்நாம் போர்க்காலத்தில் உதோன் தானி, உபோன், கோராட், நக்கோன் பனோம் ஆகிய ஈசான் நகரங்களில் அமெரிக்க விமானப் படையினர் தங்கியிருந்தனர். 1976-ம் ஆண்டில் படைகள் வெளியேறின. ஆயினும் அவ்வூர்ப் பெண்களை மணந்த வீரர் சிலர் அங்கேயே வேர் விட்டனர்.

அதன் பின்னரும் மேனாட்டார் வந்தனர். அமெரிக்கர், ஆங்கிலேயர், ஜெர்மானியர், சுவிஸ் நாட்டார், நார்வே, சுவீடன் நாட்டார், ஆஸ்திரேலியர் எனப் பல நாட்டவர். ஈசான் பெண்கள் பலர் பாங்காக்கிலும் கடற்கரை உல்லாச நகரங்களிலும் பிழைப்புத் தேடியபோது இவர்களைச் சந்தித்தனர். அச்சந்திப்புகள் யாவும் நல்லவை என்று கூறுவதற்கில்லை. வறுமை பல பெண்களைத் தகாத வழிகளில் தள்ளியதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் அவற்றினின்று நிலைத்த இல்லறங்களும் எழுந்துள்ளன. இன்று ஈசான் சிற்றூர்களில் நெல் வயல்களுக்கிடையே ஓடு வேய்ந்த புது வீடொன்று எழுந்து நிற்குமாயின், “அது பரங்கி மருமகன் வீடு” என்று அயலார் சுட்டிக்காட்டுவர். ‘கேய் ஃபராங்’ என்பது அவர்தம் வழக்கு. கேய் என்றால் மருமகன்.

வீட்டோடு மாப்பிள்ளை

மருமகன் என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஈசான் மரபில் மணமகன் பெண் வீட்டுக்குச் செல்வதே வழக்கம். மூத்த பெண்கள் மணமாகிச் சில காலம் தாய் வீட்டில் இருந்து, பின் தனிக்குடித்தனம் போவர். கடைசிப் பெண் பெற்றோரோடு தங்கி, அவர்களை இறுதிவரை பேணி, வீட்டுக்கு உரியவள் ஆவாள். ஆகவே மருமகன் என்பவன் அவ்வீட்டின் கடமைகளில் ஒரு பங்கை ஏற்கும் ஆள்.

மேனாட்டார் பலர் இடறுவது இங்கேதான். அவர்கள் ஒரு பெண்ணை மணந்ததாக எண்ணுகிறார்கள். பெண் வீட்டாரோ ஒரு மகன் வந்ததாக எண்ணுகிறார்கள். பெற்றோர் பட்ட பாட்டுக்குப் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டவர்கள் என்பது அம்மக்களின் உறுதியான நம்பிக்கை. அந்நன்றிக் கடனைப் ‘புன்குன்’ என்பர். புன் என்பது புண்ணியம்; குன் என்பது குணம். திங்கள்தோறும் தாய்க்குப் பணம் கொடுக்கும் மகளைக் கண்டு, “என் பணம் எங்கோ போகிறதே” என்று கணவர் புலம்பினால், மகளின் அறத்தையே அவர் பழித்தவர் ஆவார். அதே வேளையில், மாமனின் டிராக்டருக்கும் மைத்துனனின் கடனுக்கும் ஒரு முதியவரின் ஓய்வூதியம் கரைந்து போவதும் உண்மையே. இதற்கு நல்வழி ஒன்று உண்டு. திருமணத்துக்கு முன்பே கணவனும் மனைவியும் தனித்திருந்து பேசி, பெற்றோர்க்குத் திங்கள்தோறும் இன்ன தொகை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறர் கேட்கும் கடனுக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பு மனைவியுடையதாதல் நன்று. எப்படி மறுப்பது என்பதை அவளே அறிவாள்.

திருமணத்தின்போது மணமகன் பெண்ணின் பெற்றோர்க்கு ‘சின்சோத்’ எனப்படும் பரிசப் பணம் தருவான். நம் நாட்டு வரதட்சணைக்கு இது நேர்மாறானது. பெண்ணின் கல்வி, குடும்ப நிலை, மணமகனின் வசதி ஆகியவற்றைப் பொறுத்துத் தொகை பேசப்படும். அதனை மணப்பந்தலில் யாவரும் காண வைப்பர். சில பெற்றோர் பின்னர் அதனை மணமக்களிடமே கொடுத்துவிடுவதும் உண்டு. பின்னர் ஊர் முதியோர் மணமக்களின் மணிக்கட்டில் வெண்ணிற நூலைக் கட்டி வாழ்த்துவர். உடலை விட்டு அலையும் உயிர்க்கூறுகள் வீடு திரும்பித் தங்க வேண்டும் என்பது அச்சடங்கின் பொருள்.

சடங்கு எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் சட்டத்தின் முன் அது திருமணம் அன்று. நம் தாலுகா அலுவலகத்தை ஒத்த அரசு அலுவலகத்தில் பதிவு செய்தால் மட்டுமே அவர்கள் கணவன் மனைவியர். அதற்கு முன், தாம் மணம் செய்ய உரிமையுடையவர் என்னும் உறுதிமொழியைத் தம் நாட்டுத் தூதரகத்தின் வாயிலாகப் பெற்று, அதனைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சின் சான்றும் பெற வேண்டும். மணமகன் கத்தோலிக்கராயின், திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதற்கான திருச்சபையின் அனுமதியைப் பங்குத் தந்தை வழியாக ஆயரிடம் பெறுதலும் வேண்டும். நாட்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லையெனினும், ஈசானில் பழைமையான கத்தோலிக்க ஊர்கள் உள்ளன. சக்கோன் நக்கோன் மாகாணத்திலுள்ள தா ரே, 1884-ம் ஆண்டில் தோன்றியது. கிறிஸ்து பிறப்பு விழாவில் நட்சத்திரப் பவனிக்குப் பெயர் பெற்றது. முக்தகான் மாகாணத்துச் சோங்கோன் சிற்றூரில் 1940-ம் ஆண்டு டிசம்பரில் விசுவாசத்துக்காக உயிர் நீத்த எழுவர், 1989-ல் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர்.

நாள்தோறும் நடப்பவை

ஈசான் சிற்றூரில் பொழுது இருளிலேயே புலர்கிறது. சேவல் கூவுமுன் ஊர்த்தலைவரின் ஒலிபெருக்கி பேசத் தொடங்கிவிடும். இன்று தடுப்பூசி, நாளை ஊர்க்கூட்டம் என அறிவிப்புகள். பின்னர் காவியுடைத் துறவியர் வரிசையாய் வெறுங்காலுடன் உணவு ஏற்க வருவர். சமையற்கட்டில் உரலில் உலக்கை இடிக்கும் ஓசை கேட்கும். பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி, மிளகாய், எலுமிச்சை, மீன்சாறு சேர்த்து இடிக்கும் ‘சோம் தாம்’ அது. மூங்கிற் கூடையில் வெந்த பசையரிசிச் சோறு இருக்கும். அதைக் கையால் கிள்ளி, உருண்டையாக்கி, தொட்டுக்கொண்டு உண்பர். பாய் விரித்து, அனைவரும் தரையிலமர்ந்து, நடுவில் வைத்த தட்டுகளிலிருந்து பகிர்ந்துண்பதே வழக்கம். முள்கரண்டியோடு தனித்தட்டில் உண்டு பழகிய மேனாட்டாருக்கு முழங்காலும் வலிக்கும், கையும் ஒத்துழையாது. நமக்கோ இதில் கற்க ஒன்றுமில்லை.

வீட்டினுள் காலணி கூடாது. தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது என்பது அங்குள்ளோர் கருத்து. ஆகவே குழந்தையின் தலையாயினும் விளையாட்டாகத் தட்டுதல் தகாது. எவரையும் எப்பொருளையும் நோக்கிக் காலை நீட்டுதலும் தகாது. பெண்கள் துறவியரைத் தொடலாகாது. கைகூப்பி வணங்குவதை ‘வாய்’ என்பர். இளையவர் முதலில் வணங்க, மூத்தவர் பதில் வணக்கம் செய்வர். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடங்களில் நாட்டுப்பண் ஒலிக்கும். அனைவரும் எழுந்து நிற்பர். அரச குடும்பத்தைக் குறித்து விளையாட்டாகவும் குறைகூறுதல் ஆகாது. குற்றவியல் சட்டத்தின் 112-ம் பிரிவு அதற்கு மூன்று முதல் பதினைந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கிறது. அயல்நாட்டார்க்கும் அதில் விலக்கில்லை.

அலுவலகத் தாள்களில் ஆண்டைப் புத்த ஆண்டாகவே எழுதுவர். கிறிஸ்து ஆண்டோடு 543-ஐக் கூட்டினால் அது கிடைக்கும். புத்தாண்டான சொங்க்ரான், ஏப்ரல் 13 முதல் 15 வரை கொண்டாடப்படுகிறது. சங்கிராந்தி என்பதன் திரிபே அச்சொல். நம் சித்திரை முதல் நாளும் அதனோடு ஒட்டியே வருவதைக் காண்க. அந்நாள்களில் பாங்காக்கிலுள்ள பிள்ளைகள் யாவரும் ஊர் திரும்பி, முதியோர் கைகளில் நறுமண நீர் வார்த்து ஆசி பெறுவர். பரங்கி மருமகனும் அவ்வரிசையில் அமர வேண்டியவரே.

உறவு முறைப் பெயர்களை அறிதல் மொழி கற்பதன் முதற்படி. மூத்தோரைப் ‘பீ’ என்றும் இளையோரை ‘நோங்’ என்றும் அழைப்பர். தாய்வழிப் பாட்டனார் ‘தா’, பாட்டியார் ‘யாய்’. தந்தை வழியில் ‘பூ’, ‘யா’. இவை வெவ்வேறு சொற்கள் என்பதே ஆங்கிலம் பேசுவோர்க்கு வியப்பாகும். தாய்வழி மாமனையும் தந்தைவழிச் சிற்றப்பனையும் பிரித்துப் பேசும் நமக்கு அவ்வாறன்று. ‘ஜாய்’ என்றால் உள்ளம். ‘நாம் ஜாய்’ என்றால் நீருள்ளம், அதாவது ஈரநெஞ்சு. ‘ஜாய் யென்’ என்றால் குளிர்ந்த உள்ளம். ‘ஜாய் ரோன்’ என்றால் சூடான உள்ளம். கடையிலோ அலுவலகத்திலோ குரலை உயர்த்திக் கத்துபவர் சூடான உள்ளத்தார். அவர் கூறுவது நியாயமே ஆயினும், கத்திய கணமே வழக்கில் தோற்றவர் ஆவார். பிறர் முன்னிலையில் ஒருவரை நாணச் செய்யாதிருத்தலே அவ்வூரில் நற்பண்பின் முதல் விதி.

உடலைப் பேணுதல்

ஈசான் உணவு சுவை மிக்கது; ஆனால் ஒன்றை விலக்கியே ஆக வேண்டும். ‘கோய் பிளா’ எனப்படும் பச்சை மீன் உணவில், ஆற்று மீன் சமைக்கப்படாமலே உண்ணப்படுகிறது. அம்மீனிலுள்ள கல்லீரல் தட்டைப்புழு உடலில் புகுந்து ஆண்டுக்கணக்கில் பித்தநாளத்தில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்கிறது. பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் பகுதி தாய்லாந்தின் வடகிழக்கே. எலுமிச்சைச் சாறோ மதுவோ அப்புழுவைக் கொல்லாது. நெருப்பு கொல்லும். விருந்தோம்புவோர் மனம் நோகும் என்றஞ்சி உண்பதைவிட, “மருத்துவர் தடுத்துள்ளார்” என்று புன்னகையோடு மறுப்பது நன்று.

இரண்டாவது ஆபத்து சாலையில் உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ம் ஆண்டு அறிக்கை, தாய்லாந்தில் இலட்சம் பேருக்கு 32.7 பேர் வீதம் ஆண்டுதோறும் சாலை விபத்தில் இறப்பதாக மதிப்பிட்டது. அவ்வாறு இறப்போருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மோட்டார் சைக்கிள், மூன்று சக்கர வண்டிகளில் செல்வோர். அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்கும் மேனாட்டார் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முறையான உரிமம் இன்றி ஓட்டி விபத்துற்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். அவசர மருத்துவ உதவிக்குத் தொலைபேசி எண் 1669. காவல் துறைக்கு 191.

மருத்துவச் செலவைக் குறித்து முன்யோசனை மிக இன்றியமையாதது. முப்பது பாட் கட்டணத்தில் சிகிச்சை என்று தொடங்கப்பட்ட புகழ்பெற்ற அரசுத் திட்டம் தாய்லாந்துக் குடிமக்களுக்கே உரியது. பரங்கி மருமகனுக்கு அன்று. அமெரிக்க முதியோர்க்கான ‘மெடிகேர்’ திட்டமும் பொதுவாகக் கடல் கடந்து வாராது. தனியார் மருத்துவமனைகள் தரமானவை, கட்டணமும் அதற்கேற்றது. வயது ஏற ஏறக் காப்பீட்டுக் கட்டணமும் ஏறும். பழைய நோய்களை விலக்கியே தருவர். ஆதலின் உடல் நலத்தோடு இருக்கும்போதே காப்பீடு பெறுதல் வேண்டும். இயலாதவர், தொடாத சேமிப்பொன்றைத் தனியே வைத்தல் வேண்டும். அரசு மருத்துவமனையில் சேர்ந்தவரைக் கவனிக்க உறவினர் கட்டிலருகே தங்குவது அங்கு வழக்கம். அப்போதுதான் மனைவி வீட்டாரின் அருமை தெரியும். அண்ணியும் மைத்துனியும் முறைவைத்துக் கஞ்சி கொணர்வர். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கட்டிலடியில் உறங்குவர்.

ஆண்டுக்காண்டு அனுமதி

மனைவி, மக்கள், வீடு எல்லாம் இருந்தும், மருமகன் அந்நாட்டில் தங்குவது ஓராண்டு அனுமதியிலேயே. ஐம்பது வயது நிறைந்தவர் ஓய்வு வாழ்க்கை என்னும் காரணத்தால் அனுமதி கேட்கலாம். அதற்குத் தாய்லாந்து வங்கியில் எட்டு இலட்சம் பாட் வைப்பு, அல்லது திங்கள்தோறும் 65,000 பாட் வருவாய், அல்லது இரண்டும் சேர்ந்து எட்டு இலட்சம் வேண்டும். தாய்லாந்துப் பெண்ணின் கணவர் என்னும் காரணத்தால் கேட்பவர்க்கு நான்கு இலட்சம் வைப்பு, அல்லது 40,000 பாட் மாத வருவாய் போதும். ஆனால் திருமணச் சான்றுகளும் வீட்டுப் படங்களும் சாட்சிகளும் மிகுதியாகக் கேட்பர். 2019-ம் ஆண்டு முதல், ஓய்வு அனுமதி பெற்றவரின் எட்டு இலட்சம் அனுமதிக்குப் பின் மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும். அதன் பின்னும் நான்கு இலட்சத்துக்குக் கீழே குறையலாகாது.

இவற்றோடு, தொண்ணூறு நாள்களுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடியேற்ற அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அயல்நாட்டார் ஒருவர் வீட்டில் வந்து தங்கினால், வீட்டுக்கு உரியவர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நாட்டை விட்டுப் புறப்படுமுன் மீள்வரவு அனுமதி பெறாதவரின் ஓராண்டு அனுமதி எல்லை கடந்த உடனே மாய்ந்துவிடும். உடன்பிறந்தாரின் இறப்புச் செய்தி கேட்டு அவசரமாகப் புறப்படுவோர் மறப்பது இதனையே. தவணை கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், மொத்தம் 20,000 பாட் வரை தண்டம். நீண்ட காலம் தங்கியவர் மீண்டும் நாட்டில் நுழையவே தடை விதிக்கப்படுவர்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2019-ம் ஆண்டு முதல் அமெரிக்க, பிரித்தானியத் தூதரகங்கள் வருவாய்ச் சான்று வழங்குவதை நிறுத்தியபோது, அதனையே நம்பியிருந்த முதியோர் பலர் திகைத்தனர். 2024-ம் ஆண்டு முதல், ஆண்டில் 180 நாள் தங்குவோர் வெளிநாட்டில் ஈட்டிக் கொணரும் வருவாயும் வரி விதிப்புக்கு உட்படுத்தப்பட்டது. தம் நாட்டோடு உள்ள வரி உடன்படிக்கை என்ன கூறுகிறது என்று வல்லாரைக் கேட்டறிதல் வேண்டும். பிரித்தானிய அரசின் முதியோர் ஓய்வூதியமோ தாய்லாந்தில் வாழ்வோர்க்கு ஆண்டுதோறும் உயராது. குடியேறிய நாளில் எவ்வளவோ, இருபதாம் ஆண்டிலும் அவ்வளவே. ஆகவே வரும்போது உள்ள வருவாயை மட்டும் நோக்காது, எண்பது வயதில் என்ன நிலை என்று கணக்கிட்டு வருதல் அறிவுடைமை.

மண் யாருடையது?

அயல்நாட்டார் தாய்லாந்தில் நிலம் வாங்க இயலாது. அடுக்குமாடிக் கட்டடங்களில் மட்டும், மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 49 பங்கு வரை அயல்நாட்டார் பெயரில் இருக்கலாம். சிற்றூரில் ஏது அடுக்குமாடி? கணவரின் வாழ்நாள் சேமிப்பில் வாங்கப்படும் நிலம் மனைவி பெயரிலேயே பதிவாகும். பதிவின்போது, “இப்பணம் என் மனைவியின் தனிச் சொத்து; எனக்கு இதில் உரிமையில்லை” என்று கணவரும் கையொப்பமிட வேண்டும். நிலத்தின் மேல் எழும் வீடு மட்டும் அவர் பெயரில் இருக்கலாம்.

நிலப் பத்திரங்களில் ‘சனோத்’ எனப்படுவதே முழு உரிமை தருவது. ஈசானில் பரவலாக உள்ள நிலச் சீர்திருத்த நிலங்கள் உழவர்க்கென அரசு ஒதுக்கியவை. வெளியார் வாங்கி வீடு கட்டத் தக்கவை அல்ல. குறைந்த விலை என்று மயங்காது, நில அலுவலகத்தில் பத்திரத்தைச் சரிபார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

கணவருக்கு முன்னே மனைவி இறந்தால் என்ன ஆகும்? இதனை மணநாளில் எவரும் எண்ணுவதில்லை. வயதில் இளைய மனைவி பின்னரே போவாள் என்பது யாவர்க்கும் நினைப்பு. ஆனால் நோயும் விபத்தும் வயது பார்ப்பதில்லை. மனைவியின் நிலம் கணவருக்கு மரபுரிமையாக வந்தாலும், அவர் பெயரில் வைத்திருக்க அனுமதி கிடைப்பது அரிது. குறிக்கப்படும் தவணைக்குள், மிஞ்சினால் ஓராண்டுக்குள், அவர் அதனை விற்றாக வேண்டும். எழுபத்தைந்து வயதில், மனைவியை அடக்கம் செய்த துயரோடு, தாம் கட்டிய வீட்டை விட்டு எங்கே செல்வது?

இதற்குச் சட்டம் ஒரு வழி காட்டுகிறது. ‘சித்தி கெப் கின்’ என்றோர் உரிமை உண்டு; சேகரித்து உண்ணும் உரிமை என்பது அதன் சொற்பொருள். அதாவது, நிலம் பிறருடையதாயினும் அதில் வாழ்ந்து பயன் துய்க்கும் உரிமை. இதனை வாழ்நாள் முழுமைக்கும் நில அலுவலகத்தில் பத்திரத்தின் மேலேயே பதிவு செய்யலாம். முப்பது ஆண்டு வரை குத்தகையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மணவாழ்வின்போது கணவன் மனைவியர் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையை இருவரில் ஒருவர் பின்னர் ஒழித்துவிடச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே ஏடு மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும். நம்பிக்கை மட்டும் போதாது, ஏடும் வேண்டும். பிள்ளைகள் தாய்லாந்துக் குடிமக்கள். அவர்கள் பெயரில் நிலம் இருக்கலாம். மைத்துனியின் பிள்ளைகளும் மாமியாரும் அவரை வீட்டாராகக் கருதுவராயின், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் முற்றத்தில் அவர் நாற்காலி அகலாது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். இருநாட்டுக் குடியுரிமை கொண்ட ஆண்பிள்ளைகளும் இருபத்தொன்றாம் வயதில், ஏப்ரல் மாதத்தில் நடக்கும் படைச் சீட்டுக் குலுக்கலுக்கு வர வேண்டியவரே. கறுப்புச் சீட்டு எடுத்தவன் வீடு திரும்புவான். சிவப்புச் சீட்டு எடுத்தவன் படையில் சேர்வான். உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டு படைப்பயிற்சி முடித்தவர்க்கு அக்குலுக்கல் இல்லை. வெளிநாட்டில் படிக்கும் மகனுக்கு இதை முன்னரே சொல்லி வைப்பது தந்தையின் கடமை.

இறுதி ஏடுகள்

கணவர் முந்தினால் நேர்வது வேறு. வங்கியிலுள்ள அந்த எட்டு இலட்சம் அவர் ஒருவர் பெயரில் இருந்தாக வேண்டியது. அவர் இறந்ததும் கணக்கு முடங்கும். நீதிமன்றம் ஒருவரைச் சொத்துப் பொறுப்பாளராக அமர்த்திய பின்னரே மனைவியின் கைக்குப் பணம் வரும். அதற்குள் மாதங்கள் கழியும். இறுதிச் சடங்குக்கே கடன் வாங்க வேண்டிய நிலை கைம்பெண்ணுக்கு நேரலாம். மணம் பதிவாகாதிருந்தால், அவள் சட்டப்படி மனைவியே அல்லள். பல்லாண்டு பணிவிடை செய்தவளுக்கு எதுவுமே கிட்டாமலும் போகலாம்.

ஆகவே ஈசானில் வாழும் மேனாட்டார் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை இவை. மணத்தைப் பதிவு செய்க. தாய்லாந்திலுள்ள உடைமைகளுக்குத் தாய்லாந்துச் சட்டப்படி, இரு சாட்சிகள் முன்னிலையில் உயில் எழுதுக. தாய்நாட்டு உடைமைக்கு வேறோர் உயில் எழுதும்போது, ஒன்று மற்றொன்றை ஒழித்துவிடாதபடி சொற்களைத் தேர்க. தம் ஓய்வூதியத்தில் மனைவிக்குப் பங்கு வருமா என்பதைத் தம் நாட்டு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, விடையை அவளுக்கு விளக்குக. சில மாதச் செலவுக்குரிய பணம் மனைவியின் பெயரிலேயே இருக்கச் செய்க. கடவுச்சீட்டு, வங்கி ஏடு, உயில், தூதரக முகவரி யாவற்றையும் ஓர் உறையிலிட்டு, அது இருக்குமிடத்தை இரண்டு பேருக்குச் சொல்லி வைக்க. இறப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு அலுவலகத்துக்கும், பின்னர் தூதரகத்துக்கும் அறிவிக்க வேண்டும் என்பதை வீட்டார் அறிந்திருக்கச் செய்க. அடக்கமா, எரியூட்டலா, எந்தச் சமய முறைப்படி என்பதையும் எழுதி வைக்க. ஈசான் சிற்றூரில் எரியூட்டலே வழக்கம். கல்லறை வேண்டும் கிறிஸ்தவர் அருகிலுள்ள கத்தோலிக்கப் பங்கோடு முன்னரே தொடர்பு கொண்டிருத்தல் வேண்டும்.

இவற்றை எழுதி வைப்பது அமங்கலம் என்று சிலர் அஞ்சுவர். அன்று; இதுவும் மனைவிக்குச் செய்யும் ஓர் அன்புச் செயலே. நம் பங்குகளிலும் அயல்நாட்டில் மணம் முடித்துக் குடியேறிய பிள்ளைகளின் பெற்றோர் உண்டு. அவர்கள் தம் மக்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே: உங்கள் திருமணம் அந்நாட்டில் பதிவாகியுள்ளதா? வீடு யார் பெயரில்? உயில் எங்கே? துணைவரின் பெற்றோரை நீ என்ன முறை சொல்லி அழைக்கிறாய்?

கடைசிக் கேள்வி சிறிதெனத் தோன்றலாம். ஆனால் ஈசானிய மூலையில் ஒரு பரங்கியின் முதுமையை அதுவே முடிவு செய்கிறது. அரசு அவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை தங்க இடம் தருகிறது. மாமியாரை ‘மே’ என்று, அதாவது அம்மா என்று, வாய் நிறைய அழைத்தவருக்கோ அவ்வீடு இறுதிவரை இடம் தருகிறது.